வாலைப் பாருங்கள், அப்புறம் கழுத்தை: ஆதிகாலக் கடல் ஊர்வனவற்றை அடையாளம் காண்பது எப்படி?

1999-ல் பிபிசி ஒளிபரப்பிய ‘வாக்கிங் வித் டைனோசார்ஸ்’ தொடரின் மூன்றாம் பகுதி ஒரு கடற்கரையில் தொடங்கும். நீரோரமாக ஒரு டைனோசர் இரை தேடிக்கொண்டிருக்கும். சட்டென்று கடலிலிருந்து ஒரு பிரம்மாண்டமான வாய் எழும்பி, அதை அப்படியே கவ்வி உள்ளே இழுத்துப் போய்விடும். அந்த வாய்க்குச் சொந்தக்காரர் லியோப்ளூரோடான். நீளம் 25 மீட்டர், எடை 150 டன் என்று தொடர் சொன்னது. ஆனால், லியோப்ளூரோடான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய எலும்புகளை வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய 6, 7 மீட்டர் நீள விலங்கு. அந்த 25 மீட்டர், சில பெரிய எலும்புத் துண்டுகளை வைத்துத் தாராளமாகப் போட்ட கணக்கு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடர் தடுமாறியது அளவில்தான். பெரிய தலை, குட்டைக் கழுத்து, நான்கு நீண்ட துடுப்புகள் என்று அந்த விலங்குக்குக் கொடுத்த உடலமைப்பு சரியானதே. நீளத்தை நம்பி அடையாளம் தேடியவர் எங்கெங்கோ போயிருப்பார். உடலமைப்பைப் பார்த்தவர், பெயர் தெரியாவிட்டாலும், “இது பிளையோசர் வகை” என்று சொல்லியிருப்பார். ஆவணப்படத்தில் நீந்திப் போகும் ஆதிகால விலங்கு எது என்று கண்டுபிடிக்க ஆசைப்படுகிறவர்கள் பெயரில் தொடங்க வேண்டாம் என்பேன். எலும்பு எதை உறுதியாகச் சொல்கிறதோ அதில் தொடங்குங்கள்: வால், கழுத்து, கால்கள். அதற்கப்புறம் காலமும் இடமும். இனத்தின் பெயர் கடைசியில் வரட்டும். பல சமயம் அது வராமலே போகும். பரவாயில்லை, ஆய்வாளர்களுக்கும் அப்படித்தான்.

முதலில் ஒரு திருத்தம். இவை எதுவும் டைனோசர் இல்லை. டைனோசர்கள் வாழ்ந்த அதே காலத்தில் கடலில் வாழ்ந்த வேறு ஊர்வன. இவற்றின் முன்னோர்கள் நிலத்தில் நடந்தவர்கள். அந்த முன்னோர்களும் ஒரே குடும்பமல்ல. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியாகக் கடலுக்குள் இறங்கின. அதனால்தான் ஒன்றுக்கொன்று இவ்வளவு வித்தியாசம். எல்லாவற்றுக்கும் பொதுவானது நுரையீரல். செவுள் கிடையாது. மூச்சுவிட மேலே வந்துதான் ஆக வேண்டும். படத்தில் கழுத்தோரம் செவுள் பிளவுகள் தெரிந்தால் அது சுறாவோ வேறு மீனோதான்.

வால் சொல்லும் கதை

நாய் ஓடும்போது கவனியுங்கள், முதுகு மேலும் கீழுமாக வளைந்து நிமிரும். ஓணான் ஓடும்போது உடம்பு இடமும் வலமுமாக நெளியும். பாலூட்டிகளுக்கும் ஊர்வனவற்றுக்கும் உள்ள இந்த வேறுபாடு கடலுக்குப் போன பிறகும் மாறவில்லை. திமிங்கிலமும் டால்பினும் வாலை மேலும் கீழுமாக அடிக்கின்றன. அதனால் அவற்றின் வால் துடுப்பு தட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கும். வாலால் உந்தி நீந்திய கடல் ஊர்வனவற்றுக்கு வால் துடுப்பு செங்குத்தாக, மீனுக்கு இருப்பதுபோல் இருக்கும். வால் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

டால்பின் மாதிரி இருந்து, வால் மட்டும் செங்குத்தாக இருந்தால் அது இக்தியோசர். நீண்ட கூரிய மூஞ்சி, கழுத்தே தெரியாத வழுவழுப்பான உடல், முதுகில் ஒரு துடுப்பு, பிறை வடிவ வால். இன்னொரு அடையாளம் கால்கள். டால்பினுக்கு முன்பக்கத்தில் மட்டும்தான் இரண்டு துடுப்புகள். இக்தியோசருக்கு பின்னாலும் சிறிதாக இரண்டு உண்டு. படத்தை நிறுத்தி வயிற்றின் பின்பகுதியைப் பார்த்தால் தெரியும். கண்ணும் முக்கியம். ஆப்தால்மோசாரஸ் என்ற இக்தியோசருக்கு ஏறத்தாழ 4 மீட்டர் உடலில் 20 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள கண். கண்ணைச் சுற்றி எலும்புத் தகடுகளாலான ஒரு வளையம் இருந்தது. அது புதைபடிவங்களில் அப்படியே கிடைப்பதால் இந்தக் கண் அளவில் ஊகத்துக்கு அதிக இடமில்லை.

இந்த வால் எப்படித் தெரியவந்தது என்பது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். இங்கிலாந்தின் லைம் ரெஜிஸ் கடற்கரையில் 1811-ல் ஜோசப் ஆனிங் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டு அவருடைய தங்கை மேரி ஆனிங் மீதி உடம்பைக் கண்டுபிடித்தார். மேரிக்கு அப்போது 12, 13 வயது. முதலில் அதை முதலை என்றே நினைத்தார்கள். அதன் பிறகு இக்தியோசர் எலும்புக்கூடுகள் நிறையக் கிடைத்தன. பலவற்றில் வாலின் முதுகெலும்பு ஓரிடத்தில் சட்டென்று கீழ்நோக்கி வளைந்திருந்தது. செத்த பிறகு உடைந்திருக்கும் என்று பலரும் நினைத்தார்கள். சிலர் அதை நேராக்கி வைத்தும் காட்சிப்படுத்தினார்கள். ஒரே இடத்தில் இத்தனை விலங்குகளுக்கும் எப்படி உடையும் என்று யோசித்தவர் ரிச்சர்ட் ஓவன். அங்கே சதையாலான ஒரு வால் துடுப்பு இருந்திருக்க வேண்டும் என்று 1838-ல் அந்த உடற்கூறியல் அறிஞர் எழுதினார். 1890-களில் ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் பகுதியில் தோலின் உருவரை கறுப்புப் படலமாகப் பதிந்த புதைபடிவங்கள் கிடைத்தன. முதுகெலும்பு வளைந்து வால் துடுப்பின் கீழ் மடலுக்குள் (கீழ்ப்பாதிக்குள்) போகிறது. மேல் மடலில் எலும்பே இல்லை. முதுகுத் துடுப்பும் அப்போதுதான் தெரிந்தது. அதிலும் எலும்பு இல்லை.

சுறாவுக்கு இது நேர் எதிர். அங்கே முதுகெலும்பு மேல் மடலுக்குள் ஏறும். படத்தில் உள்ளே இருக்கும் எலும்பு தெரியாதுதான். ஆனாலும் நல்ல ஆலோசகர் வைத்து எடுத்த படங்களில் எந்த மடல் கனமாக இருக்கிறது என்று பார்த்தால் பிடிபடும்.

எல்லா இக்தியோசருக்கும் பிறை வால் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டைனோசர் யுகத்தின் முதல் கட்டமான டிரையாசிக் காலத்தின் முற்பகுதியில் வாழ்ந்தவை விலாங்கு போல நீண்ட உடலோடு இருந்தன. அமெரிக்காவின் நெவாடாவில் கிடைத்து 2021-ல் விவரிக்கப்பட்ட சிம்போஸ்பாண்டிலஸ் இனம் ஒன்றின் மண்டையோடு மட்டுமே கிட்டத்தட்ட 2 மீட்டர். அதன் காலம் சுமார் 24.6 கோடி ஆண்டுகளுக்கு முன். அதாவது இக்தியோசர்கள் கடலுக்கு வந்து அதிக காலம் ஆவதற்குள்ளேயே திமிங்கில அளவுக்கு வளர்ந்துவிட்டன. ஆகவே டிரையாசிக் கடல் என்று பின்னணிக் குரல் சொன்னால், டால்பின் உருவத்தை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

கழுத்து

நான்கு துடுப்புகளும் ஏறக்குறைய ஒரே அளவு, வால் குட்டை, உடல் அகன்று தட்டையாக இருந்தால் அது பிளீசியோசர் குழு. இவை வாலால் நீந்தவில்லை. நான்கு துடுப்புகளையும் சிறகு போல மேலும் கீழும் அடித்து நீருக்குள் பறந்தன. நான்கையும் எந்த வரிசையில் அடித்தன என்பது நெடுநாள் விவாதம். 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் செயற்கைத் துடுப்புகளை நீர்த்தொட்டியில் வைத்துச் சோதித்தார்கள். முன் துடுப்பு கிளப்பும் சுழலைப் பின் துடுப்பு சரியான நேரத்தில் பயன்படுத்தினால் அதன் உந்துவிசை நன்றாகவே கூடுகிறது என்று தெரிந்தது. புதிய படங்களில் முன் துடுப்பும் பின் துடுப்பும் சற்று முன்பின்னாக அடிப்பதைப் பார்க்கலாம்.

இந்தக் குழுவுக்குள் இரண்டு உருவங்கள். கழுத்து நீளம், தலை சிறிசு: பொதுவாக நாம் பிளீசியோசர் என்று சொல்வது. கழுத்து குட்டை, தலை பெரிசு: பிளையோசர். இது ஒரு வசதிக்கான பிரிவினைதான், உறவுமுறை இதைவிடச் சிக்கல். டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸின் பிற்பகுதியில் வாழ்ந்த பாலிகோட்டிலிட் என்ற குடும்பத்துக்குக் கழுத்து குட்டை, மூஞ்சி ஒல்லியாக நீண்டிருக்கும். ஆனால் அவை நீண்ட கழுத்துக்காரர்களின் சொந்தம், பிளையோசர் அல்ல.

நீண்ட கழுத்தில் பேர் போனது எலாஸ்மோசாரஸ். 1867-ல் அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு ராணுவ மருத்துவர் கண்டெடுத்த எலும்புகளை தொல்லுயிர் ஆய்வாளர் எட்வர்டு டிரிங்கர் கோப் பிலடெல்பியாவில் வைத்துப் பொருத்தினார். எந்த விலங்குக்கும் இவ்வளவு நீளமான கழுத்து இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நீளமாக இருந்ததை வால் என்று வைத்துக்கொண்டு, குட்டையான வால் நுனியில் தலையைப் பொருத்திவிட்டார். தவறைச் சக ஆய்வாளர் ஜோசப் லெய்டி வெளிப்படையாகச் சுட்டிக்காட்ட, கோப் தான் அச்சடித்து அனுப்பியிருந்த கட்டுரையின் பிரதிகளைத் திரும்ப வாங்க முயன்றார். அந்தக் கழுத்தில் 72 முள்ளெலும்புகள். நமக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் 7 தான். கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்து 2012-ல் பெயர் பெற்ற ஆல்பர்ட்டோனெக்டஸுக்கு 76.

இத்தனை எலும்பு இருந்தால் பாம்பு மாதிரி வளையும் என்று தோன்றும். பழைய ஓவியங்களில் அன்னம் போலக் கழுத்தை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பொருந்தியிருப்பதால் அப்படி வளைக்க முடிந்திருக்காது. கழுத்தின் கனமும் விடாது. எனவே அன்னக் கழுத்து வந்தால், விலங்கைப் பிளீசியோசர் என்று குறித்துக்கொள்ளுங்கள். படத்தைப் பழையது என்றோ, கவனக்குறைவானது என்றோ குறித்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணலில் ஊர்ந்து வந்து முட்டையிடும் காட்சிக்கும் இதே கதிதான். வயிற்றில் குட்டியோடு கிடைத்த பாலிகோட்டிலஸ் எலும்புக்கூடு 2011-ல் விவரிக்கப்பட்டது. உள்ளே இருந்தது ஒரே ஒரு பெரிய குட்டி. இவை கடலிலேயே குட்டி போட்டன. இக்தியோசர்களும் அப்படித்தான். குட்டிகளோடு இறந்த தாய்கள் ஹோல்ஸ்மாடனில் ஏராளம்.

பிளையோசர் பக்கம் வந்தால், 2022-ல் இங்கிலாந்தின் கிம்மெரிட்ஜ் விரிகுடாவில் கிடைத்த தலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூக்கு நுனி கடற்கரையில் கிடந்தது. மீதித் தலை மேலே செங்குத்துப் பாறைக்குள் இருந்தது. கயிற்றில் தொங்கிக்கொண்டே வெட்டி எடுத்தார்கள். நீளம் 2 மீட்டர், பற்கள் 130. காலம் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன். டேவிட் அட்டன்பரோ தொகுத்து வழங்கிய பிபிசி படம் 2024 புத்தாண்டு அன்று வந்தது. 25 மீட்டர் கற்பனையைவிட இந்த 2 மீட்டர் நிஜத் தலை எனக்குப் பயங்கரமாகத் தெரிகிறது.

உடும்பின் உறவினர்

மூன்றாவது பெரிய குழு மோசசர். இது பல்லி வகை. உடும்புக்கும் பாம்புக்கும் உறவு. இரண்டில் யாருக்கு அதிக நெருக்கம் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகருக்கு அருகே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 18-ம் நூற்றாண்டில் கிடைத்த மண்டையோடுகள்தான் தொடக்கம். அவற்றில் பெயர் பெற்ற ஒன்றை நகரைப் பிடித்த பிரெஞ்சுப் படை பாரிசுக்குக் கொண்டுபோனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

படத்தில் அடையாளம்: பல்லித் தலை, குட்டைக் கழுத்து, நீண்ட உடல், நான்கு துடுப்புகள், செங்குத்தான நீண்ட வால். முதுகுத் துடுப்பு இல்லை. வாய் திறந்தால் உள்ளே பாருங்கள். மேலண்ணத்தில் இன்னொரு ஜோடி வரிசைப் பற்கள் இருக்கும், பாம்புகளுக்கு இருப்பது போல. கவ்விய இரை பின்னோக்கி நழுவாமல் உள்ளே தள்ள அவை உதவின. கீழ்த்தாடையின் நடுவிலும் ஒரு மூட்டு. பிளவுபட்ட நாக்கைப் படங்கள் காட்டுவது உறவினர்களை வைத்துச் செய்யும் ஊகம், நியாயமான ஊகம்தான்.

மோசசரின் வால், படம் எப்போது எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடும். நீண்ட காலமாக அதை நேரான, பட்டையான வாலாகத்தான் வரைந்தார்கள். 2010-ல் யோஹான் லிண்ட்கிரென் குழுவினர் பிளாட்டிகார்ப்பஸ் என்ற மோசசரின் அருமையான எலும்புக்கூட்டை ஆராய்ந்து, வால் நுனி கீழ்நோக்கி வளைவதைக் காட்டினார்கள். ஜோர்டானில் கிடைத்து 2013-ல் விவரிக்கப்பட்ட புரோக்னதோடான் என்ற மோசசரில் வால் துடுப்பின் உருவரையே பதிந்திருந்தது. ஆக, இக்தியோசர் கண்டுபிடித்த அதே தீர்வை இதுவும் தனியாகக் கண்டுபிடித்திருக்கிறது. 2003-ல் எடுத்த படத்தில் மோசசர் வால் விலாங்கு மாதிரி இருக்கும், 2022-ல் வந்த ‘பிரீஹிஸ்டாரிக் பிளானெட்’ தொடரில் சுறா மாதிரி மடல் இருக்கும். இரண்டும் ஒரே குழு.

முதுகு நெடுக முள் வரிசையோ சீப்பு போன்ற மடிப்போ இருந்தால் அது 1898-ல் நடந்த ஒரு குழப்பத்தின் மிச்சம். கான்சாஸின் சாமுவேல் வில்லிஸ்டன் மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்களை முதுகு மடிப்பு என்று நினைத்துவிட்டார். 1902-ல் அவரே திருத்திக்கொண்டார். ஓவியர்களும் திரைப்படக்காரர்களும் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை.

காலமும் இடமும்

படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் “15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பா” என்று வந்து மறையும். அதுதான் மிகப் பெரிய துப்பு. டிரையாசிக் 25.2 முதல் 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை. ஜுராசிக் 14.5 கோடி வரை. கிரெட்டேசியஸ் 6.6 கோடியில் முடிகிறது.

இக்தியோசர்கள் டிரையாசிக் தொடக்கத்தில் வந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டன, டைனோசர்கள் அழிவதற்கு வெகு முன்பே. உண்மையான பிளையோசர்களும் ஏறத்தாழ அதே சமயத்தில் போய்ச் சேர்ந்தன. மோசசர்கள் கிட்டத்தட்ட அப்போதுதான் தலையெடுத்தன. பெரிய மோசசர்கள் அதற்கும் பிறகு. நீண்ட கழுத்து பிளீசியோசர்கள் மட்டும் டிரையாசிக் இறுதியிலிருந்து 6.6 கோடி வரை தாக்குப்பிடித்தன. இதை மனதில் வைத்தால் பல சந்தேகம் தானாகத் தீரும். ஜுராசிக் கடலில் பெரிய வாய்க்காரன் வந்தால் மோசசராக இருக்க வழியில்லை, பிளையோசரோ கடல் முதலையோதான். டைரனோசாரஸ் காலத்துக் கடல் என்றால் இக்தியோசருக்கு இடமில்லை. 12 மீட்டர் மோசசாரஸும் இக்தியோசரும் சண்டை போடும் காட்சி வந்தால் அது வெறும் வேடிக்கை.

டிரையாசிக் கடலில் மட்டும் இந்த மூன்று குழுக்களில் அடங்காத வினோதங்கள் நிறைய. 13 முள்ளெலும்புகளையே இழுத்து நீட்டி 3 மீட்டர் கழுத்தாக்கிக்கொண்ட டானிஸ்ட்ரோபியஸ், கிளிஞ்சல் நசுக்கும் தட்டைப் பல் பிளாகோடஸ், பிளீசியோசரின் தூரத்து உறவான நோத்தோசர்கள். சீனாவின் அட்டோபோடென்டாட்டஸை 2014-ல் செங்குத்துப் பிளவு வாயோடு வரைந்தார்கள். நல்ல மண்டையோடுகள் கிடைத்த பின் 2016-ல், அது சுத்தியல் தலையோடு பாசி சுரண்டித் தின்றது என்று ஆயிற்று. அந்த விலங்கு திரையில் வந்தால் வாயைப் பார்த்தே படத்தின் வயதைச் சொல்லலாம்.

ஊர்வனவே அல்லாத சிலவும் இந்தப் படங்களில் கலந்து வரும். தலையும் உடலின் முன்பகுதியும் எலும்புக் கவசமாகத் தெரியும் டங்கிலியோஸ்டியஸ் 36 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மீன். மெகலோடான் சுறா, கடைசி டைனோசர் செத்துப் பல கோடி ஆண்டுகள் கழித்து வந்தது. பாசிலோசாரஸ் திமிங்கிலம். அதன் முள்ளெலும்புகளைப் பார்த்து ஊர்வன என்று 1834-ல் பெயர் வைத்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் ஓவன் பல்லின் இரட்டை வேரைக் காட்டி பாலூட்டி என்று நிறுவினார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. படத்தில் அதன் வால் துடுப்பு படுக்கைவாட்டில்தான் இருக்கும்.

கடல் முதலைகள் கொஞ்சம் ஏமாற்றக்கூடியவை. மெட்ரியோரிங்கிட் குடும்பத்துக்கு முதுகுக் கவசம் இல்லை, கால்கள் துடுப்பாகிவிட்டன, வால் நுனியும் கீழ்நோக்கி வளைந்திருக்கும். மோசசர் என்றே தோன்றும். முன் துடுப்பு சின்னது, பின் துடுப்பு பெரியது என்பதையும், காலம் ஜுராசிக்கா என்பதையும் பார்த்துப் பிரிக்கலாம்.

இனத்தின் பெயர் ஏன் கடைசியில்?

குழு வரை கண்ணால் போகலாம். அதற்கு மேல் இனம் வரை போவதற்குத் தேவையான அடையாளங்கள் திரையில் தெரியாதவை. லியோப்ளூரோடானையும் பிளையோசாரஸையும் பிரிக்க ஆய்வாளர்கள் பார்க்கும் ஒரு விஷயம் பல்லின் குறுக்குவெட்டு. முதலாவதில் அது ஏறக்குறைய வட்டம், இரண்டாவதில் முக்கோணம். எவ்வளவு துல்லியமாகப் படமெடுத்தாலும் பாய்ந்து வரும் வாயில் அதைப் பார்க்க முடியுமா? மோசசரில் தாடைப் பற்களின் எண்ணிக்கை, பிளீசியோசரில் கழுத்து எலும்பின் நீள அகல விகிதம் என்று இப்படியே போகும்.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் பகுதி கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியாக இருந்தது. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் உட்டத்தூர் பாறைகளில் கிடைத்த சில முள்ளெலும்புகளுக்கு ரிச்சர்ட் லிடெக்கர் 1879-ல் இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். தென்னிந்தியக் கடலில் இக்தியோசர் நீந்தியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முள்ளெலும்பை மட்டும் வைத்து ஓர் இனத்தைத் தனியாகப் பிரிக்க முடியாது என்பதால் அந்தப் பெயரை இன்று ஐயத்துக்குரியதாகவே வைத்திருக்கிறார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைத்து 2017-ல் வெளியான ஜுராசிக் இக்தியோசர் கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடு, சுமார் 5.5 மீட்டர். அதற்கும் ஆய்வுக் குழு புது இனப்பெயர் வைக்கவில்லை. ஆப்தால்மோசாரஸ் குடும்பம் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

படக்குழுவால் அப்படி நிறுத்திக்கொள்ள முடியாது. திரையில் வரும் விலங்குக்குப் பெயர் வேண்டும், தோல் வேண்டும், நிறம் வேண்டும். இங்கிலாந்தில் தாடை எலும்புகள் மட்டுமே கிடைத்து 2024-ல் பெயர் பெற்ற இக்தியோடைட்டன் சுமார் 25 மீட்டர் இருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். அதை யாராவது திரையில் காட்டினால் தாடைக்குப் பின்னால் இருப்பதெல்லாம் உறவினர்களிடம் கடன் வாங்கிய உடம்பு. கடன் வாங்குவது தப்பில்லை, அறிவியலிலும் அதே வழிதான். பார்க்கிற நமக்கு எது சொந்தம், எது கடன் என்று தெரிந்தால் போதும்.

நிறத்தை வைத்து அடையாளம் தேடவே வேண்டாம். 2014-ல் புதைபடிவத் தோலின் நிறமிகளை ஆராய்ந்தவர்கள், ஓர் இக்தியோசர் உடல் முழுக்கக் கறுப்பாக இருந்திருக்கலாம் என்றார்கள். 2018-ல் ஸ்டெனோப்டெரிஜியஸ் என்ற இன்னோர் இக்தியோசரை ஆராய்ந்தபோது மேலே கறுப்பு, அடியில் வெளுப்பு என்று வந்தது. கொழுப்புப் படலமும் இருந்தது, செதிலே இல்லை. இப்படி நிறம் தெரிந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்ற கோடுகளும் புள்ளிகளும் ஓவியர் விருப்பம்.

சரி, இதையெல்லாம் வைத்து ஒரு காட்சியைப் பார்ப்போம். திரையில் “8.5 கோடி ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்க உள்கடல்” என்று வருகிறது. நீண்ட உடல், நான்கு துடுப்புகள், செங்குத்து வால், முதுகுத் துடுப்பு இல்லை. இக்தியோசர் முன்பே போய்விட்டது, பிளையோசரும் இல்லை. வால் வேறு அப்படி இருக்கிறது. மோசசர்தான். மூக்கு நுனியைப் பாருங்கள். பற்களுக்கு முன்னால் மொட்டையான ஒரு எலும்புத் துருத்தல் இருந்தால் டைலோசாரஸ். அங்கே நிறுத்திக்கொள்ளலாம். கான்சாஸ் சுண்ணாம்புப் பாறைகளில் அதன் இனங்கள் ஒன்றுக்கு மேல் கிடைத்திருக்கின்றன, இரண்டையும் திரையில் பிரிப்பது உங்களாலும் ஆகாது, என்னாலும் ஆகாது.

இடம், காலம் எதுவும் வராத முன்னோட்டக் காட்சி என்றால்? நீலத்தில் ஒரு நிழல்: நீண்ட கழுத்து, நான்கு துடுப்புகள், குட்டை வால். பிளீசியோசர் என்று எழுதிக்கொண்டு முழுப் படம் வரும்வரை காத்திருங்கள். வந்ததும் பெயரைப் பிடித்து இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த விலங்கின் எலும்பு எங்கே கிடைத்தது, எவ்வளவு கிடைத்தது? ‘பிரீஹிஸ்டாரிக் பிளானெட்’ தொடரில் வரும் டுவாரங்கிசாரஸ் நியூசிலாந்துக்காரர். அதே தொடரின் கைகைஃபிலு என்ற மோசசர் அண்டார்டிகாவில் கிடைத்தது. இன்றைய வரைபடத்தில் இவை இரண்டும் வெகு தூரம், ஆனால் கிரெட்டேசியஸ் இறுதியில் அந்த நிலங்கள் இவ்வளவு விலகியிருக்கவில்லை.